குவாண்டம் அழிப்பான் செட்: வாங்கலாம், பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்

மேசை மேல் வைத்துச் செய்யும் ‘குவாண்டம் அழிப்பான்’ பரிசோதனை செட் ஒன்றை வகுப்புக்காக வாங்கினேன். ஒரு சிவப்பு லேசர், இரண்டு ஒளிபிரிப்பான் கண்ணாடிகள், இரண்டு ஆடிகள், மூன்று போலரைசர்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலங்கள்), சின்ன லென்ஸ், வெள்ளைத் திரை. எல்லாவற்றுக்கும் காந்த அடி; கனமான எஃகுத் தகட்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. சரக்கில் குறையில்லை. ஆனால் பெட்டி மேல், அலைச்சார்பு சரிவதைக் கண்ணாலேயே பாருங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அலைச்சார்பு என்பது ஒரு துகளின் எல்லாச் சாத்தியங்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு; அளந்ததும் அது ஒரே விடைக்குச் சுருங்குவதைத்தான் சரிவு என்கிறார்கள். இந்த செட்டில் அந்தச் சரிவு தெரியாது. தெரிவது வேறொன்று, என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் சுவாரசியம்.

முதலில் அமைப்பு. லேசர் கதிர் முதல் ஒளிபிரிப்பானில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதைகளில் போய், இரண்டாவது ஒளிபிரிப்பானில் ஒன்று சேர்கிறது. சரியாகச் சேர்ந்தால் திரையில் ஒளியும் இருளுமாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் விழும். அந்த ‘சரியாக’வில்தான் பாடு. இரண்டு புள்ளிகளும் திரையில் பொருந்தினால் மட்டும் போதாது, ஒளிபிரிப்பான் மேலும் பொருந்த வேண்டும். கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் திருக வேண்டியிருக்கிறது. கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி. நல்லவேளை, திருகுகள் மென்மையாகத் திரும்புகின்றன. பட்டைகள் வந்த பிறகு மேசையில் யாராவது கை ஊன்றினால் எல்லாம் நடுங்கும். ஒரு பாதைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினால், கைச்சூட்டில் காற்றின் அடர்த்தி மாறி, பட்டைகள் ஊர்ந்து போகும். பிள்ளைகள் அழிப்பானை மறந்துவிட்டு இதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் தடுக்கவில்லை.

அப்புறம் போலரைசர்கள். ஒரு பாதையில் கிடைமட்டமாக ஒன்று, மற்றதில் செங்குத்தாக ஒன்று. பட்டைகள் மறைந்து வெறும் சிவப்புத் திட்டு நிற்கிறது. எந்த வழியாக வந்தது என்ற அடையாளம் ஒளியின் மேலேயே பதிந்துவிட்டதால் இப்படி. திரைக்கு முன்னால் மூன்றாவது போலரைசரை 45 டிகிரியில் வைத்ததும் அந்த அடையாளம் அழிந்து (அதனால்தான் ‘அழிப்பான்’) பட்டைகள் திரும்பி வருகின்றன. இயற்பியலாளர்கள் ஸ்கல்லியும் ட்ரூலும் 1982இல் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டையோடு லேசரின் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் தளவிளைவு பெற்றுத்தான், அதாவது அந்த ஒரே திசையில் அதிர்ந்துதான், வருகிறது. அந்தத் திசை கிடைமட்டமாக இருந்தால், செங்குத்துப் போலரைசர் உள்ள பாதை அநேகமாக இருண்டுவிடும். அப்போதும் பட்டைகள் மறையும்! ஒரே பாதையில்தான் ஒளி வருகிறது என்பதால் மறையும், அடையாளம் பதிந்ததால் அல்ல. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லேசரை அதன் பிடியிலேயே 45 டிகிரி சுழற்றி, ஒவ்வொரு பாதையாக அட்டையால் மறைத்து, இரண்டும் சம வெளிச்சம் தருகிறதா என்று பார்த்த பிறகே பரிசோதனையைத் தொடங்குங்கள். கையேடு இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கையேட்டின் விளக்கத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு போலரைசர்கள் ஒளித்துகளான ஃபோட்டானை அளந்துவிட்டன, அலைச்சார்பு சரிந்துவிட்டது, மூன்றாவது அதை மீட்டுவிட்டது என்கிறது. கணித மேதை வான் நாய்மன் 1932இல் எழுதிவைத்த விதிப்படி, அளவீடு முடிந்தால் கிடைத்த விடைக்குரிய நிலை மட்டுமே மிச்சம், மற்றதெல்லாம் போய்விடும். போனதை ஒரு பிளாஸ்டிக் படலம் எப்படித் திருப்பிக் கொண்டுவரும்? பட்டைகள் திரும்பி வருகின்றன என்றால், அங்கே எதுவும் சரியவே இல்லை என்றுதான் அர்த்தம். போலரைசர்களைத் தாண்டிவந்த ஃபோட்டானில் இரண்டு பாதைகளும் இன்னும் மேற்பொருந்தித்தான் இருக்கின்றன. தளவிளைவுத் திசையோடு பின்னிக்கிடப்பதால் பட்டை தெரியாமல் போகிறது, அவ்வளவே. நம்பிக்கை இல்லாவிட்டால் மூன்றாவது போலரைசரை 45இலிருந்து 135 டிகிரிக்குத் திருப்புங்கள். முன்பு இருள் இருந்த இடத்தில் ஒளியும், ஒளி இருந்த இடத்தில் இருளும் வரும். இரண்டு படங்களையும் கூட்டினால் அதே வெறும் திட்டு. திட்டுக்குள்ளே இரண்டு பட்டைத் தொகுதிகளும் முன்பே ஒளிந்திருந்தன. செட்டிலேயே மிக அழகான காட்சி இதுதான், கையேட்டில் இதற்குப் படம்கூட இல்லை.

பார்ப்பவரின் உணர்வுதான் பட்டைகளை அழிக்கிறது என்று கையேட்டில் ஒரு பத்தி வேறு. போன் கேமராவை ஓடவிட்டு எல்லாரும் அறையை விட்டு வெளியே போனோம். திட்டு திட்டாகவே இருந்தது.

“சார், இதுல குவாண்டம் எங்க இருக்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1 மில்லிவாட், 650 நானோமீட்டர் லேசர் விநாடிக்குச் சுமார் 3,000 லட்சம் கோடி ஃபோட்டான்களைக் கொட்டுகிறது. 30 செ.மீ. பாதைக்குள் எந்தக் கணத்திலும் 30 லட்சத்துக்கு மேல் இருக்கும். இத்தனை வெளிச்சத்தில் திரையில் தெரிவது முழுவதையும் பழைய அலைக் கொள்கையே விளக்கிவிடும். 1986இல் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களிலிருந்து ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் குவாண்டம் தன்மையைக் காட்டினார்கள். ஒளிபிரிப்பானின் இரண்டு பக்கமும் உணர்விகளை வைத்தால், ஒரு ஃபோட்டானுக்கு ஏதாவது ஒன்றுதான் ‘டிக்’ அடிக்கும். உணர்விகளை எடுத்துவிட்டுப் பாதைகளைச் சேர்த்தால், அதே ஃபோட்டான்கள் பட்டைகளைத் தரும். குவாண்டம் கொள்கையின் தீராத புதிரான அளவீட்டுச் சிக்கல் அந்த ‘டிக்’கில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பரவியிருந்தது ஏன் ஒரு பக்கம் மட்டும் ஒலித்தது? இயற்பியலாளர் எவரெட் 1957இல் சரிவே கிடையாது என்றார். கிரார்தி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் சரிவு தானாகவே நடக்கும் உண்மையான நிகழ்வு என்று குவாண்டம் சமன்பாட்டையே மாற்றிப் பார்த்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பெட்டிக்காரர்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

சில்லறைக் குறைகள்: மூன்றாவது போலரைசர் படலம் ஓரத்தில் சுருண்டிருந்தது, கேட்டதும் மாற்றித் தந்தார்கள். லேசர் சூடேறும்வரை பட்டைகள் தாவுகின்றன, சில நிமிடம் விட்டுப் பிடிக்கவும். கதிர் மேசை மட்டத்தில் ஓடுவதால் பிள்ளைகளைக் குனிந்து பார்க்க விடாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு. பள்ளி, கல்லூரி ஆய்வகத்துக்கு தைரியமாக வாங்கலாம். ஒற்றை ஃபோட்டானின் ‘டிக்’ கேட்க வேண்டும் என்றால் இது உதவாது, அதற்கு ஃபோட்டான் எண்ணும் உணர்விகள் வேண்டும். வீட்டில் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்துபார்க்க இவ்வளவு பெரிய செட்டும் தேவையில்லை. மூன்று போலரைசர் படலங்களும் ஒரு டார்ச்சும் போதும்: 0, 90 என்று இரண்டை வைத்தால் இருட்டு; நடுவில் 45 டிகிரியில் ஒன்றைச் செருகினால், படலம் நல்லதாக இருக்கும் பட்சத்தில், எட்டில் ஒரு பங்கு வரை வெளிச்சம் வரும்.