சொற்பட்டியலா, அட்டைப்பெட்டியா?

நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நான், புதிய சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எதிரே தமிழ்ப்பொருளைக் குறித்து, பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்லி, மறுநாள் டிக்டேஷன் வைப்பதையே பல ஆண்டுகள் வழக்கமாகக் கொண்டிருந்தேன். சென்ற கல்வியாண்டில் பட அட்டைகளைப் பெட்டியிலிட்டுச் சுழற்றும் முறைக்கு மாறினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

பட்டியலுக்குச் செலவில்லை, எழுத்துக்கூட்டல் நன்றாகப் படியும், பெற்றோர் கேட்டால் காட்டக் குறிப்பேடு இருக்கும். ஆனால் டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கும் ஒரு சிறுமியிடம், வரிசையைக் கலைத்து 'பக்கெட்' என்றால் என்ன என்று கேட்டபோது, அவள் முதல் சொல்லிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்து வந்து, ஆறாவதில் நின்று "வாளி, டீச்சர்" என்றாள். அவள் கற்றிருந்தது சொல்லை அல்ல, வரிசையை. 'வாட்ச்' என்பதற்குக் கைக்கடிகாரம் என்று எழுதிப் பழகிய மற்றொருவன், 'வாட்ச் த கேட்' என்ற வாக்கியத்தில் பூனைக்குக் கடிகாரம் கட்டிவிட்டான்.

பட அட்டை நமக்குப் புதிதன்று. அட்டைகளின் துணையோடு பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழகம் முழுவதும் பரவிய காலத்திலேயே தொடக்கப் பள்ளிகளில் அட்டைகள் குவிந்துவிட்டன. ஆயினும் ஒருமுறை காட்டிய அட்டை அலமாரிக்குப் போய்விட்டால், அதுவும் பட்டியலைப் போலவே மறந்துபோகும். ஆகவே என் முடிவைத் தீர்மானித்தது படம் அன்று; சொல் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் திரும்பி வருகிறது என்பதுதான். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக நழுவிவிடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டு நூலிலேயே காட்டியிருக்கிறார். அறிவியல் இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய பெட்டி முறை அதற்கான எளிய மாற்று: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும்.

அவர் சொன்ன ஐந்து அறைகளை நான் மூன்று செருப்புப் பெட்டிகளாகச் சுருக்கிக்கொண்டேன். முதல் பெட்டி அன்றாடம், இரண்டாவது திங்கட்கிழமைகளில், மூன்றாவது மாதக் கடைசியில் திறக்கப்படும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கமே அட்டை. முன்புறம் பிள்ளைகள் வரைந்த படம், பின்புறம் ஆங்கிலச் சொல்லும் அது இடம்பெறும் ஒரு சிறு வாக்கியமும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதி என்பதால் எல்லோருக்கும் வாய் திறக்கும் முறை வருகிறது. பத்து நிமிடம் போதும். பராமரிப்புத்தான் தொல்லை. முனை மடங்கும், பெட்டி மாறும், மூன்றாம் பெட்டிக்குப் போக ஆசைப்பட்டு யாராவது அட்டையைத் தாமே நகர்த்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைச் சரிபார்ப்புக்கு ஒதுக்காவிட்டால் இரண்டு வாரத்தில் எல்லாம் குலைந்துவிடும்.

திறன்பலகையில் காணொளி காட்டுவதையும் முயன்றேன், உச்சரிப்புக்கு உதவியது. ஒரு பருவமே பயன்படுத்தியதால் அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 'பிகாஸ்', 'ஹானஸ்ட்' போன்ற படத்தில் அடங்காத சொற்களுக்கு இன்றும் கரும்பலகையில் தமிழ்ப்பொருள்தான் எழுதுகிறேன். கோடை விடுமுறைக்குப் பிறகு பழைய பிள்ளைகள் பத்துப் பேரிடம் மூன்றாம் பெட்டிச் சொற்களைக் கலைத்துக் கேட்டபோது பெரும்பாலானவை நினைவில் இருந்தன. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால், இந்த ஜூனில் வகுப்பு முழுவதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.