புது வீடா, பழைய வீடா: விலைக்கு மேல் எது அதிகம் கேட்கும்?

வீடு தேடும்போது விலையைத்தான் விலையோடு வைத்துப் பார்க்கிறோம். கட்டிக்கொண்டிருக்கும் புது வீடு 100 என்றால் ஒருவர் குடியிருந்து விற்கும் பழைய வீடு 85. பழசை வாங்கினால் 15 மிச்சம் என்று கணக்கை மூடிவிடுகிறோம். பார்க்க வேண்டியது வேறொரு தொகை. அந்த வீட்டில் முதல் நாள் ராத்திரி படுப்பதற்குள், வங்கிக் கடன் போக உங்கள் கைக்காசு எவ்வளவு கரைந்திருக்கும்?

பத்திரப்பதிவு, வக்கீல் கட்டணம், கடன் விண்ணப்பச் செலவு, காப்பீடு, சாமான் ஏற்றும் வண்டி எல்லாம் இரண்டுக்கும் உண்டு. வித்தியாசம் இதற்கு அப்பால்தான்.

முதலில் பழைய வீடு. பலரும் இடறி விழும் இடம் வங்கியின் மதிப்பீடு. நீங்கள் 85 கொடுக்கச் சம்மதித்திருக்கலாம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 78தான் பெறும் என்று எழுதினால், பொதுவாக அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கடன். 80 சதவீதம் தருவார்கள் என்றால் வருவது 68 அல்ல, 62.4. நீங்கள் போட வேண்டியது 17 அல்ல, 22.6. புது வீட்டுக்குக் கைக்காசு 20 போதும் என்றிருக்க, மலிவான வீடு அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது! அதனால் மதிப்பீடு வரும் முன் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் குறைந்தால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

அடுத்தது ரிப்பேர். வீடு பார்க்கப் போகும்போது எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். தண்ணீர் நூலாக இறங்கினால் பைப்லைனில் வேலை இருக்கிறது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் ஓதம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். வயரிங்கையும் மேல்தளத்தையும் ஒரு பொறியாளரை வைத்துப் பார்ப்பதற்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள். அவர் எழுதித் தரும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலையைக் குறைத்துப் பேச முடியும். சொத்து வரி, மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு பாக்கி இல்லை என்பதற்கான ரசீதுகளைப் பதிவுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

புது வீட்டில் ஓதமும் பாக்கியும் அநேகமாக இருக்காது. ஆனால் விளம்பரத்தில் சொன்ன விலை வெறும் கூட்டுக்கான விலை. கார் நிறுத்துமிடம், பராமரிப்பு வைப்புத்தொகை, மின் இணைப்பு, புதுக் கட்டடத்துக்கான வரி என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகும் வீடு காலியாகத்தான் இருக்கும். கூரையில் கொக்கி இருக்கும், ஃபேன் இருக்காது. துண்டு போடக் கம்பியோ சோப்பு வைக்க இடமோ இருக்காது. பழைய வீட்டில் இவையெல்லாம் பெரும்பாலும் விலையோடு வந்துவிடும்.

புது வீட்டில் நான் உண்மையில் பயப்படுவது காலதாமதத்துக்குத்தான். 80 கடனில் பாதி, அதாவது 40, பில்டருக்குப் போய்விட்டது என்று வையுங்கள். 8 சதவீதத்தில் வருடத்துக்கு வட்டி மட்டும் 3.2. இந்தக் கட்டத்தில் பலர் வட்டி மட்டுமே கட்டுவார்கள். அசலில் ஒரு காசு குறையாது. கூடவே இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஓடும். எங்கள் வீடு கைக்கு வர 11 மாதம் தள்ளிப்போனது. அலமாரிக்கென்று ஒதுக்கிய பணம் மாதாமாதம் வாடகையாகப் போனது. குடிபோன பிறகும் வெகுநாள் துணிமணியெல்லாம் அட்டைப்பெட்டியில்தான். குழந்தையின் பள்ளிச் சீருடையைப் பெட்டி பெட்டியாகத் தேடிய காலைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். வாடகை கொடுத்துக்கொண்டு, சேமிப்பும் மெலிதாக இருப்பவர்களுக்குப் பழைய வீடு, அல்லது கட்டி முடிந்து சாவி தயாராக இருக்கும் புது வீடு. ரிப்பேரைக் கையெழுத்துப் போடும் முன் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம், விலையிலும் கழிக்கலாம். தாமதத்தை அப்படிச் செய்ய முடியாது. பெற்றோர் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பவர்கள், அவசரம் இல்லாதவர்கள், கட்டுமானத்தில் இருக்கும் வீட்டைத் தாராளமாக எடுக்கலாம். அவர்களும் 12 மாத வட்டியைத் தனியாக எடுத்து வைத்த பிறகே இறங்க வேண்டும்.

கூடுதல் செலவையும் வீட்டுக் கடனிலேயே சேர்த்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 8 சதவீதத்தில் 20 வருடக் கடனாக வாங்கும் 1, தவணை முடியும்போது 2-க்குச் சற்று மேல் ஆகியிருக்கும். ஒழுகும் கூரைக்கும் ஆபத்தான வயரிங்குக்கும் வேறு வழியில்லை என்றால் சேர்க்கலாம். அலமாரியை அடுத்த வருடம் கைக்காசில் செய்துகொள்ளுங்கள்.