இன்ஸ்டாலர் விட்டுட்டுப் போற பாஸ்வேர்ட்: லாக்கா, ஃபைலா, ஸ்க்ரீனா, சாக்கெட்டா?

போன மாசம் ஒரு கிளையண்டோட பழைய பேக்கப் டிஸ்க்கைத் தோண்டிட்டு இருந்தப்போ, ஜிஜிப்ல சுருக்கி வச்ச மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) லாக், அதாவது நடந்ததையெல்லாம் எழுதி வைக்கற ஃபைல், ஒண்ணு கிடைச்சுது. சும்மா 'டெம்பரரி பாஸ்வேர்ட்'னு இசட்கிரெப் (சுருக்கின ஃபைலுக்குள்ள தேடற கமாண்ட்) அடிச்சுப் பாத்தேன், ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்னு, அதாவது முழு அதிகாரம் இருக்கற ரூட் யூசர் பேர்ல, ஒரு வரி, கோலனுக்குப் பக்கத்துலயே பாஸ்வேர்ட், அதைப் போட்டா லைவ் சர்வர்ல லாகின் ஆகுது. வயித்தக் கலக்கிடுச்சு.

எப்படின்னா, 5.7 வெர்ஷன்ல இருந்து மைஎஸ்க்யூஎல்லை ஆர்பிஎம்ல (லினக்ஸ் இன்ஸ்டால் பேக்கேஜ்) போட்டா முதல் ஸ்டார்ட்லயே ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் உண்டாக்கி எரர் லாக்ல எழுதிடும், முதல் லாகின்ல மாத்தினாத்தான் வேற வேலை ஓடும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டீஃபால்ட் செட்டிங்ல ஆல்டர் யூசர்னு பாஸ்வேர்ட் மாத்தற கமாண்டைக் குடுத்து அதே பாஸ்வேர்டையே திரும்பப் போட்டாலும் ஏத்துக்கும், அங்க யாரோ அவசரத்துல அதைத்தான் பண்ணிருக்காங்க. லாக் ரொட்டேட் ஆகும், பேக்கப்புக்குப் போகும், வேற மெஷினுக்குப் போகும், கூடவே பாஸ்வேர்டும் போகும்.

ஜென்கின்ஸும் (பில்ட் வேலையைத் தானா ஓட்டற டூல்) கிட்லேபும் (கோடு வச்சுக்கற சர்வர்) முதல் பாஸ்வேர்டைத் தனி ஃபைல்ல வைக்குது, லாக்குக்கு இது எவ்வளவோ தேவல. ஜென்கின்ஸ்ல செட்டப் விசார்ட்ல முதல் அட்மின் யூசரை உண்டாக்கினதும் அந்த ஃபைல் போயிடும். கிட்லேப்ல மட்டும் கவனமா இருங்க, 24 மணி நேரத்துல அழியும்னு நெனச்சு விட்டுடுறாங்க, உண்மையில 24 மணி நேரம் கழிச்சு ஓடற முதல் ரீகான்ஃபிகர்லதான் (செட்டிங்கைத் திரும்பப் பொருத்தற கமாண்ட்) அழியும், யாரும் ரீகான்ஃபிகர் அடிக்கலன்னா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும்.

எலாஸ்டிக்சர்ச் 8 (தேடல் சர்வர்) பாஸ்வேர்டை ஒரே ஒரு தடவை ஸ்க்ரீன்ல காட்டிட்டு விட்டுடும். சுத்தமான வழி மாதிரி தெரியும், ஆனா உபுண்டு லினக்ஸ்ல ஆப்ட்ங்கற இன்ஸ்டால் கமாண்ட் வழியா போட்டா ஸ்க்ரீன்ல வந்ததெல்லாம் ஆப்டோட டெர்ம் லாக்லயும் பதிஞ்சிடும், அதனால இன்ஸ்டால் ஆன கையோட ரீசெட் பாஸ்வேர்ட் கமாண்ட் ஓட்டிடுங்க.

என் ஓட்டு மரியாடிபிக்குத்தான் (மைஎஸ்க்யூஎல்ல இருந்து பிரிஞ்ச டேட்டாபேஸ்). 10.4ல இருந்து ரூட்டுக்கு யூனிக்ஸ் சாக்கெட் முறை, அதாவது நீங்க சிஸ்டத்துல ரூட்டா இருந்தா உள்ள விடும், இல்லன்னா விடாது, பாஸ்வேர்டே கிடையாது, அப்புறம் எங்க இருந்து கசியும்? உபுண்டுல வர்ற மைஎஸ்க்யூஎல்லும் ரூட்டுக்கு இதே வழிதான், ஆனா அங்க டெபியன் டாட் சிஎன்எஃப்னு ஒரு ஃபைல்ல மெயின்டனன்ஸ் யூசரோட பாஸ்வேர்ட் இருக்கும், அதோட பெர்மிஷன் 600 தானான்னு, அதாவது ஓனர் மட்டுமே படிக்க முடியுமான்னு, ஒரு தடவை பாத்துக்கோங்க. சாக்கெட்ல குறைன்னா, சூடோ (சிஸ்டத்துல ரூட்டா ஓட்டற உரிமை) இருக்கறவன் எல்லாருமே டேட்டாபேஸுக்கும் ராஜா. வெளிய இருந்து கனெக்ட் ஆகற ஆப்புக்குத் தனி யூசர் போட்டே ஆகணும்.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. எஸ்க்யூஎல் சர்வர் 2000 இன்ஸ்டாலர் செட்டப் ஃபைல்ல பாஸ்வேர்டை விட்டுட்டுப் போகுதுன்னு 2002லயே மைக்ரோசாஃப்ட் புல்லட்டின் போட்டு, தேடி அழிக்கறதுக்குன்னே ஒரு டூல் குடுத்தாங்க. அந்த கிளையண்டுக்கு நான் முதல்ல பண்ணது பாஸ்வேர்டை மாத்தினது, அப்புறம்தான் பேக்கப் டிஸ்க்ல லாக்கை அழிச்சேன், அந்த வரிசையை மாத்தாதீங்க, ஏன்னா காப்பி எங்கெங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாது.