நேர் சர்வரா, லோடு பேலன்சிங்கா? எஸ்ஏபி போர்ட்டலை பேக்எண்டோடு இணைக்கும் வழிகள்

எஸ்ஏபி நெட்வீவர் போர்ட்டலில் (ஊழியர்கள் பிரவுசரில் நுழையும் நிறுவனத் தளம்) ஒரு ஈசிசி சிஸ்டத்தை (பின்னால் ஓடும் எஸ்ஏபி வணிக மென்பொருள், அதாவது பேக்எண்ட்) சேர்க்க உட்கார்ந்தால், சிஸ்டம் லேண்ட்ஸ்கேப் திரை முதலில் கேட்பது எந்த டெம்ப்ளேட் என்றுதான். குறிப்பிட்ட ஒரு அப்ளிகேஷன் சர்வருக்கு நேராகப் போவதா, லோடு பேலன்சிங் (சுமையைப் பல சர்வர்களுக்குப் பிரிப்பது) வழியாகப் போவதா? கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்று மூன்றாவதாக ஒன்றும் பட்டியலில் இருக்கும். அதை விட்டுவிடலாம், போட்டி முதல் இரண்டுக்குள்தான்.

நேர் சர்வரில் வேலை சுலபம். ஹோஸ்ட் பெயர், சிஸ்டம் எண், கிளையண்ட் (சிஸ்டத்துக்குள் தனியாகப் பிரித்த பகுதியின் எண்), எஸ்ஐடி (சிஸ்டத்தின் மூன்றெழுத்துப் பெயர்) ஆகியவற்றைக் கொடுத்தால் கிட்டத்தட்ட முடிந்தது. சிஸ்டம் எண் 00 என்றால் கேட்வே (வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கும் வாசல்) போர்ட் 3300. போர்ட்டலில் இருந்து ஜேகோ (ஜாவாவை எஸ்ஏபியோடு இணைக்கும் கனெக்டர்) போகிற வழி அதுதான், ஆகவே ஃபயர்வாலில் அந்த ஒன்றைத் திறந்தால் போதும். ஏதாவது உடைந்தாலும் எங்கே பார்ப்பது என்று குழப்பம் இல்லை. சாண்ட்பாக்ஸ், டெவலப்மென்ட் சிஸ்டங்களுக்கு இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

புரொடக்‌ஷனில் கதை வேறு. சம்பளச் சீட்டு வெளியாகும் நாளில் மொத்த அலுவலகமும் ஒரே நேரத்தில் போர்ட்டலுக்குள் வரும். அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் விழ, பக்கத்தில் இன்னும் இரண்டு சர்வர்கள் சும்மா நிற்கும். அந்த ஒரு சர்வரைக் கெர்னல் பேட்சுக்காக நிறுத்தினால், பேக்எண்ட் உயிரோடு இருந்தும் போர்ட்டலுக்கு அது செத்ததாகவே தெரியும்.

லோடு பேலன்சிங்கில் போர்ட்டல் முதலில் மெசேஜ் சர்வரிடம் போகிறது. பேக்எண்டில் எஸ்எம்எல்ஜி என்ற திரையில் அமைத்த லாகான் குரூப்பின் (சுமையைப் பகிரும் சர்வர்களின் தொகுப்பு) பெயரைச் சொல்லிக் கேட்டால், இந்த சர்வருக்குப் போ என்று அது ஒரு முகவரியைத் தருகிறது. பிறகு போர்ட்டல் அந்த சர்வரின் கேட்வேயோடு நேரடியாகப் பேசுகிறது. பலர் சறுக்குவது இந்த இரண்டாவது படியில்தான். மெசேஜ் சர்வர் போர்ட்டை மட்டும் திறக்கச் சொல்லி நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடுவார்கள். குரூப்பில் உள்ள ஒவ்வொரு சர்வரின் 33 வரிசை போர்ட்டும் திறந்திருக்க வேண்டும் என்பது விட்டுப்போகும். சோதனை ஒரு தடவை பச்சை காட்டும், அடுத்த தடவை சிவப்பு காட்டும். ஒரு சர்வருக்கு வழி இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை, அவ்வளவுதான்.

போர்ட் எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. மெசேஜ் சர்வர் தனி ஏஎஸ்சிஎஸ் இன்ஸ்டன்ஸில் (மையச் சேவைகளுக்கான தனிப் பகுதி) ஓடினால், அதற்கு அந்த இன்ஸ்டன்ஸின் எண்தான். ஏஎஸ்சிஎஸ் 01, அப்ளிகேஷன் சர்வர் 00 என்று வைத்தால், மெசேஜ் சர்வர் 3601, கேட்வே 3300. பழக்கத்தில் 3600 என்று அடித்துவிட்டு நெட்வொர்க்கைத் திட்டுவது சகஜம். இதே எண் போர்ட்டல் ஓடும் மெஷினின் சர்வீசஸ் ஃபைலிலும் (போர்ட்களின் பெயர்ப் பட்டியல்), சாப்எம்எஸ் என்பதோடு எஸ்ஐடி ஒட்டிய பெயரில் இருக்க வேண்டும். விண்டோஸில் அதைக் கடைசி வரியாகச் சேர்த்தால் முடிவில் ஒரு என்டர் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வரி எழுதியும் எழுதாததுபோல் ஆகலாம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் புரொடக்‌ஷனுக்கு என் ஓட்டு லோடு பேலன்சிங்குக்குத்தான், இப்போது ஒரே ஒரு அப்ளிகேஷன் சர்வர் இருந்தாலும்கூட. நாளைக்கு இன்னொன்று வந்தால் எஸ்எம்எல்ஜியில் சேர்த்து, அதன் கேட்வே போர்ட்டைத் திறந்தால் முடிந்தது. போர்ட்டல் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, சர்வரைத் தேர்ந்தெடுப்பது கனெக்‌ஷன் திறக்கும்போது மட்டுமே. ஜேகோ பூலில் ஏற்கெனவே திறந்து கிடப்பவை பழைய சர்வரிலேயே இருக்கும். புது சர்வரைச் சேர்த்த அடுத்த நிமிடமே சுமை சமமாகப் பிரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது லாகான் முறை: எஸ்எஸ்ஓ டிக்கெட்டா (ஒருமுறை லாகான் செய்ததும் போர்ட்டல் தரும் அனுமதிச் சீட்டு), யூசர் மேப்பிங்கா (போர்ட்டல் யூசரை பேக்எண்ட் யூசரோடு இணைத்து வைப்பது)?

மேப்பிங்கில் ஒவ்வொருவரின் பேக்எண்ட் பாஸ்வேர்டும் போர்ட்டலில் சேமிக்கப்படுகிறது. முதல் வாரம் நன்றாகவே ஓடும். பேக்எண்டில் பாஸ்வேர்டு காலாவதியாகி மாற்றியதும், போர்ட்டல் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டினால் (இயல்பான மதிப்பு 5) யூசர் லாக். ஹெல்ப்டெஸ்க் திறந்துவிடும், மறுநாள் காலையில் திரும்பவும் லாக். எல்லோரையும் ஒரே பொது யூசரில் மேப் செய்து இதிலிருந்து தப்பிப்பவர்கள் உண்டு. ஆடிட்டர் வந்து, மாற்றியது யார் என்று கேட்கும் வரைக்கும்தான் அந்த நிம்மதி.

டிக்கெட்டில் பாஸ்வேர்டே போகாது. போர்ட்டலின் சான்றிதழை பேக்எண்டில் எஸ்டிரஸ்ட்எஸ்எஸ்ஓ2 என்ற திரை வழியாக ஏற்றி, போர்ட்டலின் எஸ்ஐடியையும் கிளையண்ட்டையும் (வழக்கமாக 000) ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியல்) சேர்த்து, டிக்கெட்டை ஏற்கும் ப்ரொஃபைல் பாராமீட்டரை 1 ஆக்க வேண்டும். நிபந்தனை, யூசர் ஐடி இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது. ஆக்டிவ் டைரக்டரியின் (நிறுவனத்தின் விண்டோஸ் யூசர் பட்டியல்) நீளமான பெயரோடு போர்ட்டலுக்குள் வருபவருக்கு இது இடிக்கும், ஏனென்றால் ஏபாப் பக்கம் (அதாவது பேக்எண்ட்) 12 எழுத்துக்கு மேல் ஏற்காது. அப்போது ஒரு சிஸ்டத்தை ரெஃபரன்ஸ் சிஸ்டமாக அறிவித்து அங்கே மட்டும் மேப் செய்யலாம். டிக்கெட்டிலேயே அந்த ஏபாப் ஐடியும் சேர்ந்து போகும். எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

எல்லாம் செய்து கனெக்டர் சோதனை பச்சையானாலும், ஐவியூவை (போர்ட்டலில் பேக்எண்ட் திரையைக் காட்டும் பகுதி) திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறதா? கனெக்டர் சர்வருக்கும் சர்வருக்கும் இடையே டிக்கெட்டை நேராகக் கொடுக்கிறது. ஐவியூவோ பிரவுசர் வழியாகப் போகிறது, அங்கே டிக்கெட் ஒரு குக்கீ மட்டுமே. டொமைன் பொருந்தாவிட்டால் பிரவுசர் அதை அனுப்பாது. போர்ட்டலின் சிஸ்டம் அமைப்பில் வெப் ஏஎஸ் ஹோஸ்ட் பெயர் என்ற இடத்தில் வெறும் மெஷின் பெயர் இருந்தால், டொமைனோடு முழுப் பெயரையும் போர்ட்டையும் கொடுத்து, பேக்எண்டின் ஐசிஎம்மிலும் (அதன் வெப் சர்வர் பகுதி) முழுப் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.