தேன்ல இருக்கிற மகரந்தம்: மைக்ரோஸ்கோப்பா, டிஎன்ஏ டெஸ்டா?

தேனீ எந்தெந்தச் செடிக்குப் போயிட்டு வருதுன்னு தேன்ல கிடக்கிற மகரந்தத்த வச்சுக் கண்டுபிடிக்க இப்ப முக்கியமா ரெண்டு வழி ஓடுது. ஒண்ணு பழைய மைக்ரோஸ்கோப், இன்னொண்ணு டிஎன்ஏ மெட்டாபார்கோடிங், அதாவது கலந்து கிடக்கிற மகரந்தத்தோட டிஎன்ஏவப் படிச்சு எந்தெந்தச் செடின்னு கண்டுபிடிக்கிறது. புதுசு வந்தாச்சு, இனி பழசு எதுக்குன்னு சிலபேர் கேக்குறாங்க, எனக்கு அப்படித் தோணல.

மைக்ரோஸ்கோப்புக்குப் பெரிய வித்தை எதுவும் வேணாம். 10 கிராம் தேன வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு சென்ட்ரிஃப்யூஜ்ங்கிற மெஷின்ல வேகமா சுத்த விட்டா அடியில கொஞ்சூண்டு வண்டல் தங்கும், அத ஸ்லைடுல தடவி கிளிசரின் ஜெல்லி போட்டு மூடி, குறைஞ்சது 300 மகரந்த மணியாவது உக்காந்து எண்ணணும். சூரியகாந்தின்னா சுத்தி முள்ளு முள்ளா நிக்கும், யூகலிப்டஸ் முக்கோணமா இருக்கும், புல் வகைன்னா உருண்டை, ஒரே ஒரு ஓட்டை, அதச் சுத்தி ஒரு வளையம். பழகின கண்ணு டக்குனு சொல்லிடும், ஆனா கண்ணு பழகத்தான் வருஷக்கணக்காகும், அந்தப் பகுதி பூக்கள்ல இருந்தே எடுத்த ரெஃபரன்ஸ் ஸ்லைடும் கையில இருக்கணும். அப்படியிருந்தும் புல்லு, கடுகு குடும்பத்துல எல்லாம் எந்தச் செடின்னு பிரிக்கிறது கஷ்டம், "கடுகு டைப்"னு எழுதிட்டு நகர வேண்டியதுதான்.

டிஎன்ஏ ஜெயிக்கிறது அங்கதான். அதே வண்டல்ல இருந்து டிஎன்ஏவ எடுத்து செடிய அடையாளம் காட்டுற ஆர்பிசிஎல், ஐடிஎஸ்2 மாதிரி டிஎன்ஏ பகுதிகள பிசிஆர்ல (டிஎன்ஏவ நகலெடுக்கிற முறை) பெருக்கி, சீக்வென்ஸ் பண்ணி (அதோட எழுத்து வரிசையப் படிச்சு), டேட்டாபேஸோட ஒப்பிடுவாங்க. ஆர்பிசிஎல் பெரும்பாலும் பேரினத்தோட (நெருங்கின இனங்களோட குழு) நின்னுடும், ஐடிஎஸ்2 நிறைய செடிகளுக்கு இனம் வரைக்கும் இறங்கும். ஒரே ஓட்டத்துல ஏகப்பட்ட சாம்பிள் போடலாம். ஆனா டேட்டாபேஸ்ல அந்தச் செடியே இல்லன்னா அதோட சொந்தக்காரன் பேர எடுத்து நீட்டிடும், அது தெரியாம நம்பினா போச்சு. அளவு விஷயத்துல இன்னும் மோசம், சில செடி டிஎன்ஏ பிசிஆர்ல நல்லா பெருகும், சிலது மக்கர் பண்ணும், அதனால 60% ரீட்ஸ் (படிச்ச டிஎன்ஏ துண்டுகள்) ஒரு செடிக்கு வந்துச்சுன்னா 60% மகரந்தம்னு அர்த்தமே கிடையாது.

சரி, மைக்ரோஸ்கோப்ல எண்ணினா மட்டும் அளவு சரியா வந்துடுமான்னா, மகரந்தத்தோட அளவு வரும், பூந்தேனோட அளவு வராது. இத நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பொதுவா ஒரு வகை 45% தாண்டினா அதத்தான் பிரதான மகரந்தம்னு வைக்கிறது வழக்கம், ஆனா ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பூந்தேன்ல மகரந்தம் ரொம்பக் கம்மி, அதனால அந்தத் தேனுக்கு 10-20% இருந்தாலே ஒத்துக்குவாங்க, மகரந்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கிற செஸ்ட்நட் மரத்துத் தேனுக்கோ 90% கிட்ட இருந்தாதான் நம்புவாங்க. இன்னொண்ணு, தேனீ வயித்துக்குள்ள தேன்பைக்கு அடுத்தாப்ல ஒரு வால்வு இருக்கு, வர்ற வழியிலேயே அது மகரந்தத்த வடிகட்டிடும், பெருசு பெருசா இருக்கிறது சீக்கிரம் மாட்டும், சின்னது தப்பிச்சுத் தேன்லயே தங்கிடும். ஃபர்கெட்-மீ-நாட்ங்கிற பூச்செடியோட மகரந்த மணி 5-7 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), பூசணி 100 மைக்ரானுக்கும் மேல. ரெண்டையும் ஒண்ணு, ஒண்ணுன்னு எண்ணிட்டு சதவீதம் போட்டா என்னத்தச் சொல்ல? சோளப் பூவுல பூந்தேனே கிடையாது, ஆனா அதோட மகரந்தமும் தேன்ல வரும். இந்தச் சிக்கல் எதையும் டிஎன்ஏவும் தீர்க்காது, ஏன்னா அதுவும் அதே வண்டலத்தான் பாக்குது.

கூட்டு வாசல்ல ட்ராப் வச்சு, கால்ல கட்டிட்டு வர்ற மகரந்த உருண்டைய புடிக்கிறது மூணாவது வழி. நாள்வாரியா என்ன பூத்துச்சுன்னு பாக்க நல்லாருக்கும், பூந்தேன் எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல தெரியாது.

என்னக் கேட்டா, ஒரே பூவுத் தேனான்னு சொல்லணும்னா மைக்ரோஸ்கோப்லேயே ஆரம்பிங்க, அந்தந்தச் செடிக்குண்டான சதவீதத்த வச்சுப் பாருங்க. "டைப்"னு நின்னுபோன ஐட்டத்துக்கு மட்டும் டிஎன்ஏவுக்குப் போங்க. தேனீ மேயுற மொத்தச் செடி லிஸ்ட்தான் வேணும், அளவு முக்கியமில்ல, சாம்பிளும் நூறு கிட்ட இருக்குன்னா நேரா டிஎன்ஏ. மகரந்தமே மிஞ்சாத அளவுக்கு ஃபில்டர் பண்ணின தேன்னா மைக்ரோஸ்கோப்ப எடுக்கவே எடுக்காதீங்க, எண்ண ஒண்ணுமிருக்காது.