டிஸ்னி வேர்ல்டு: சொந்த ஸ்ட்ரோலரா, வாடகை ஸ்ட்ரோலரா?

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில், பூங்காவுக்குள் கிடைக்கும் வாடகை ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. முதுகுப் பக்கம் சாயாது. கைக்குழந்தையை அதில் வைக்கவே கூடாது. நன்றாக உட்காரும் பிள்ளைக்குப் பரவாயில்லை, ஆனால் மதியம் தூங்கினால் தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. இரவு வாணவேடிக்கை முடிந்து, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சொந்த ஸ்ட்ரோலர் என்றால் அகலம் 79 செ.மீ., நீளம் 132 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பெட்டி போல இருக்கும் வேகன் வகை வண்டிக்கு அனுமதி இல்லை. பஸ்ஸில் மடக்கியாக வேண்டும், ஆகவே ஒரே கையால் மடங்குவதாகப் பாருங்கள். ரைடு அருகே நிறுத்திவிட்டுப் போனால் ஊழியர்கள் ஒழுங்குபடுத்தும்போது நகர்த்தி வைப்பார்கள். காணோமே என்று பதற வேண்டாம். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணி கட்டுங்கள். பாஸ்போர்ட், பணம் எதையும் அதில் விடாதீர்கள்.

ஒரு வயதுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சொந்த வண்டிதான். நடக்கிற பிள்ளை, ஒரே நாள் பயணம் என்றால் வாடகை போதும்.