ஷவருக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் போதுமா?

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டு ஷவருடன் இணைத்திருக்கும் 3 லிட்டர் கொள்ளளவுள்ள 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் தரமான கருவிதான். ஆனால் கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் நீரை 3 கிலோவாட் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடேற்றும். 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான் ஏறும். கலத்தில் தேங்கியிருந்த 3 லிட்டர் நன்கு சூடாக வந்துவிட்டு, பின்னர் திடீரென வெதுவெதுப்பாவது இதனால்தான். மார்கழிக் காலையில் ஷவரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு கருவியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால் வெப்பத்திறனில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கொதிநீரும் குளிர்நீரும் மாறி மாறி வந்தால் சிக்கல் வேறு. காவிரி நீர் வராத நாள்களில் நாம் நம்பியிருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, ஷவர் துளைகளை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கிறது. உள்ளே நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பழுதுபார்க்க வந்தவர் தெர்மோஸ்டாட்டையே மாற்றச் சொன்னார் (எல்லாவற்றுக்கும் அவர்களிடம் அது ஒன்றுதான் மருந்து). ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவியதும் சீரானது. நீரைச் சூடாக்கும் கம்பியான எலிமெண்ட்டில் படிந்த உப்பை நீக்குவதை மட்டும், மெயின் சுவிட்சை அணைத்தபின், தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

வாளிக் குளியலுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஷவரில் நெடுநேரம் குளிப்பவர்கள் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரையே பார்க்கவும்.